பதினாறாம் பக்கம் வரை கேப்டன்

கேப்டன் கருக்கலைப் படைத்தவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. கேப்டன் கருக்கலுக்கு மட்டும் சாவதற்கு நேரம் கிடைக்கவில்லை. எல்லை தாண்டுவதும், தூதரகச் சுவர் ஏறுவதும், துரோகியின் வாயைப் பிடுங்குவதுமாக மனிதருக்கு ஓயாத வேலை. எழுதியவர் இறந்தால் உளவாளியும் கூடவே இறக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அப்படி ஒன்று இருந்திருந்தால் பதிப்பக முதலாளி அதையும் வளைத்திருப்பார்.

அவர் வேறு எழுத்தாளர்களைப் பிடித்துக் கேப்டனை ஒவ்வொருவர் தலையிலாகக் கட்டினார். அட்டையில் படைத்தவரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். உண்மையில் எழுதியவரின் பெயரை உள்ளே, அச்சக முகவரிக்கு மேலே, பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். பதிப்பகத்தில் அவர்களுக்குப் பெயரே கிடையாது. படைத்தவர் முதலாமவர், பிறகு வந்தவர்கள் இரண்டாமவர், மூன்றாமவர் என்று எண்தான். நம்முடைய ஆள் நான்காமவர். அவருக்கே அது நாலாந்தாரமாக வாழ்க்கைப்பட்டது போலத்தான் இருந்தது. முன்னால் இருந்தவர்கள் எதை எங்கே வைத்தார்கள் என்று பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும்.

இரண்டாமவர் பெயரில் கை வைத்தவர். கருக்கல் என்பது ஓர் ஆளின் பெயரே அல்ல, அந்த வேலையின் பெயர், ஒருவர் ஓய்வு பெற்றால் அடுத்தவருக்குப் போகும் என்று எழுதிவிட்டார். பழைய கேப்டன் தோட்டத்தில் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார், புதிதாக ஒரு விடலைப் பையன் அதே பெயரோடு வந்து துப்பாக்கியைச் சுழற்றினான். வாசகர்கள் புத்தகத்தைக் கிழித்து உறையில் போட்டு அனுப்பினார்கள். அதோடு இரண்டாமவரின் கதை முடிந்தது.

மூன்றாமவர் அதைப் பார்த்து மிரண்டவர். ரோஜா, விடலைப் பையன் எல்லாம் எதிரியை ஏமாற்றக் கேப்டன் போட்ட நாடகம் என்று ஒரே பத்தியில் மெழுகிவிட்டு, அதற்குப் பிறகு எதையுமே தொடவில்லை. அதே பெயர், அதே பதவி, அதே கோட்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் பேரன் எடுத்திருக்க வேண்டிய வயதில் கேப்டன் இன்னும் சாக்கடை தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தார். இந்த முறை வாசகர்கள் கோபப்படவில்லை. வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். கோபமே மேல் என்று முதலாளிக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த நேரத்தில்தான் நான்காமவர் வந்து சேர்ந்தார். சொந்தமாக இரண்டு நாவல் எழுதியவர். இரண்டும் கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. "கட்டில் கால் உடைஞ்சாக் கவலையில்லைங்க, உங்க இலக்கியம் தாங்கிக்கும்" என்பாள் அவர் மனைவி. கேலிதான், ஆனாலும் பெருக்கும்போது கட்டுகளை நகர்த்தித் துடைத்து மறுபடி ஒழுங்காக அடுக்கி வைப்பதும் அவள்தான்.

தன் பெயர் ஒருமுறையாவது அட்டையில் வர வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. ஆசை என்று சொல்வது குறைவு, அது அவரை அரித்துக்கொண்டிருந்தது. முதலாளிக்கும் அது தெரியும். "புத்தகம் ஓடட்டும் தம்பி, அடுத்ததுல உங்க பேரையும் அட்டையில போட்டுடுவோம்" என்று தூண்டிலில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்.

பெயரைத் தொட்டவர் கெட்டார், எதையும் தொடாதவரும் கெட்டார். மிச்சம் இருந்தது பதவி.

"அரசாங்க ஆபீஸ்ல மேசை மேல தலை வச்சுத் தூங்கினவன்கூட மேல போயிட்டான் முதலாளி. இவர் உலகத்தையே காப்பாத்திட்டு இன்னும் கேப்டனாவே இருக்கார். இது நியாயமா?"

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "மேஜர்?"

"மேஜர் கருக்கல்."

"இதை இத்தனை நாள் ஒரு பயலும் யோசிக்கலையே!"

முதலாமவர் ஏன் யோசிக்கவில்லை என்று இருவரில் ஒருவராவது கேட்டிருக்கலாம். முப்பதுக்கு மேற்பட்ட புத்தகத்தில் ஒரு மனிதர் தன் நாயகனுக்கு ஒரு படிகூட ஏற்றம் கொடுக்கவில்லை என்றால் மறதியாகவா இருக்கும்? ஆனால் புது யோசனை வந்த குஷியில் இருப்பவனுக்குக் காது அடைத்துப் போகும்.

கருக்கல் புத்தகம் எல்லாமே பதவியும் பெயருமாகத்தான் தொடங்கும். "கேப்டன் கருக்கல் விளக்கை அணைத்தார்." "கேப்டன் கருக்கல் ரயிலைத் தவறவிட்டார்." வாசகர்களுக்கு இது மனப்பாடம். அதனால் வெளியே மூச்சு விடக்கூடாது, பிரிக்கிறவன் முதல் வரியிலேயே திடுக்கிட வேண்டும் என்று முடிவானது. "மேஜர் கருக்கல் ஜன்னலைச் சாத்தினார்" என்று எழுதினார் நான்காமவர். அடுத்த பத்தியில் சட்டைத் தோளில் புதுப் பட்டையை மேஜர் தானே உட்கார்ந்து தைப்பதாக எட்டு வரி. எழுதிவிட்டு அதைத் தானே வாய்விட்டுப் படித்து ரசித்தார்.

புத்தகம் அச்சகத்துக்குப் போனது. கடைசிக் கட்டத்தில் முதலாளி சொன்னார்: "அண்ணி வீட்டுக்கு ஒரு எட்டுப் போய், எப்ப வரணும்னு சொல்லிட்டு வந்துடுங்க தம்பி."

அண்ணி முதலாமவரின் அண்ணன் மனைவி. அவர் அண்ணி என்று கூப்பிட்டதால் பதிப்பகமே அப்படிக் கூப்பிட்டது. புதுக் கருக்கல் புத்தகம் தைத்து அட்டை போட்டு வந்ததும் முதல் பிரதி அவருக்குத்தான். காலையிலேயே வந்துவிடுவார். முன் அறையில் உட்கார்ந்து, முதல் பக்கத்தைப் பிரித்து, முதல் வரியைப் படிப்பார். "நல்லது" என்பார். மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பிறகுதான் கடைகளுக்கு மூட்டை ஏறும். முதலாமவர் காலத்து வழக்கம், ராசி என்று முதலாளியும் விடாமல் வைத்திருந்தார். அண்ணி ஒரு வரிக்கு மேல் படிப்பதில்லை என்பது பதிப்பகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்ததாக அவர்கள் நினைத்திருந்த விஷயம்.

நான்காமவர் போனபோது அண்ணி வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. மாடியில் இரண்டு அறை. முன் அறைக் கட்டிலில் ஆண் சட்டைகள் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் பழைய வெட்டு, ஆனால் சலவைக்குப் போய் வந்தவை. அண்ணி ஒவ்வொன்றாக உதறி மடித்துக்கொண்டிருந்தார். எதிரே நாற்காலியில், மடியில் கோப்போடு, ராணுவ ஆவண அலுவலகத்து அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். நெற்றி வழுக்கை ஏறத் தொடங்கிய, சாதுவான ஆள்.

"உக்காரு தம்பி. இவர் வருஷா வருஷம் வர்ற விருந்தாளி. இவருக்கு முன்னாடி வேற ஒருத்தர் வந்துட்டிருந்தார். அவர் ரிட்டயர் ஆயிட்டார், நான் இன்னும் ஆகலை."

அதிகாரி சங்கடமாகச் சிரித்தார். "ஒரு கையெழுத்துதானே நான் கேக்கறேன். எல்லை தாண்டிப் போன உங்க வீட்டுக்காரர் திரும்பலை. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. நீங்க ஒத்துக்கிட்டாத்தான் நாங்க முறையா அறிவிக்க முடியும். அறிவிச்ச அன்னிக்கே ஒரு படி மேல ஏத்தி மேஜர்னு போடுவாங்க. நினைவுச் சுவர்ல பேர் வரும். ஓய்வூதியமும் மேஜர் கணக்குல வரும்."

"மேஜரா?" என்றார் நான்காமவர்.

"இறந்தவங்களுக்கு ஒரு படி ஏத்தறது எங்க வழக்கம் சார். கேப்டனாக் காணாமப் போனவர், மேஜராத்தான் இறந்தவராவார்."

"அதான் வேண்டாங்கறேன்" என்றார் அண்ணி, சட்டைக் கையை நீவிக்கொண்டே. "கேப்டனாப் போனவர் கேப்டனா வரட்டும். வந்து மேல ஏறட்டும்."

அதிகாரி எழுந்தார். கோபமெல்லாம் இல்லை, வருஷத்துக்கு ஒருமுறை பழகிய தோல்வி. வாசலில் நின்று, "புதுக் கருக்கல் எப்பம்மா வருது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான்காமவர் சட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். போன முறை மடித்த இடத்தில் மடிக்காமல், ஒரு விரல் தள்ளி அண்ணி மடிப்பது தெரிந்தது.

"ஒரே இடத்துல மடிச்சா அங்கயே இத்துப் போயிடும். அதான் மாத்தி மாத்தி" என்றார் அண்ணி. பிறகு, நான்காமவர் கேட்காமலே தொடர்ந்தார். "அவர் பொறந்தது விடியற நேரம். அதனால வீட்ல கருக்கல்னுதான் கூப்பிடுவாங்க. அவர் போனப்புறம் நான் சாப்பிடாம சுவரைப் பாத்துட்டுக் கெடந்தேன். கொழுந்தன் பக்கத்துல வந்து உக்காந்து, 'அண்ணி, அண்ணன் இப்ப எங்க இருக்கார் தெரியுமா'ன்னு ஆரம்பிச்சான். ஒரு வாய் சாப்பிட்டா ஒரு அத்தியாயம். அப்புறம்தான் அதை எழுதினான், அச்சாச்சு, உலகமே படிச்சுது."

"உங்களுக்கு அது..." என்று இழுத்தார் நான்காமவர்.

"பயப்படாதே, எனக்குப் பைத்தியமில்ல. கதைன்னு தெரியும். ஆனா அவர் பொறந்த வீடே ஒத்துக்கிட்டு அழுது முடிச்சிடுச்சு. ஊர் ஒத்துக்கிச்சு. ஒத்துக்காம நின்னது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு நான், இன்னொண்ணு கொழுந்தனோட பேனா. அவன் போனப்புறம் அந்தப் பேனாவை யார் யாரோ வாங்கினாங்க. ஒருத்தன் பேரையே வேற பையனுக்குத் தூக்கிக் கொடுத்தான். கொடுக்கட்டும், பழைய ஆள் தோட்டத்துல உயிரோடதானே இருந்தார்னு விட்டுட்டேன். யாரும் மேல ஏத்தலை. நீயும் ஏத்தலையே?"

விளையாட்டாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டார்.

அந்த இடத்தில் நான்காமவர் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஏத்திட்டேம்மா, தெரியாமப் பண்ணிட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதிருந்தால்கூடப் போதும். அவர் சிரித்தார். வெள்ளிக்கிழமை காலை வந்துடுங்க என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைப் பாதி வைத்துவிட்டுப் படியிறங்கினார். இறங்கியவர் அச்சகம் வரை ஓட்டமும் நடையுமாகத்தான் போனார்.

அச்சகத்தில் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளியும் அங்கேதான் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கும் முகம் செத்துவிட்டது. கல்நெஞ்சக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. சொந்த அண்ணி இல்லாவிட்டாலும் அத்தனை வருஷம் அண்ணி என்று கூப்பிட்டவர்.

"நிறுத்திடலாமா முதலாளி?"

"எதை நிறுத்தறது? இதுதான் கடைசி ஃபாரம்."

பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். ஒரே தாளில் அடித்து, மடித்து, மற்ற ஃபாரங்களோடு வைத்துத் தைப்பார்கள். தலைப்புப் பக்கமும் முகவரியும் கடைசி நிமிஷம் வரை மாறும் என்பதால் முதல் ஃபாரத்தைக் கடைசியில் ஓட்டுவதுதான் அச்சகத்து வழக்கம். மற்றதெல்லாம் அச்சாகி, அச்சுக்கோத்த ஈய எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்டாகிவிட்டது. பதினேழாம் பக்கத்திலிருந்து கடைசி வரை, திரும்பிய இடமெல்லாம் மேஜர்.

"முழுசாத் திரும்பக் கோத்து அடிக்கணும்னா நான் கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்" என்றார் முதலாளி. பிறகு அச்சக ஃபோர்மனைக் கூப்பிட்டார். "இந்த ஃபாரம் மட்டும்தானே மெஷின்ல இருக்கு? இதுல மேஜரை எடுத்துட்டுக் கேப்டன் வச்சு, ஒரே ஒரு தாள் இழுத்துக் கொடுக்க முடியுமா?"

"ஒரு தாளா?"

"ஒரு பிரதிக்கு. அண்ணிக்கு. அவங்க முதல் வரிதானே படிக்கப் போறாங்க."

ஃபோர்மன் மை அப்பிய விரலால் காதைக் குடைந்தார். "வார்த்தையை மாத்திடலாம். இந்தப் பட்டை தைக்கிற பத்தி இருக்கே, அதுக்கு ஈடா எட்டு வரி வேணும். குறைஞ்சா பக்கம் இடிக்கும்."

நான்காமவர் அங்கேயே, தாள் கட்டின்மேல் உட்கார்ந்து எழுதினார். கேப்டனின் கோட்டுப் பொத்தான் ஒன்று அறுந்து விழுகிறது, அதை அவரே தைக்கிறார். எண்ணி எட்டு வரி. ஊசியும் நூலும் அப்படியே இருந்தன, பட்டை மட்டும் பொத்தானாயிற்று. இத்தனை வருஷ எழுத்தில் இவ்வளவு வேகமாக அவர் எதையும் எழுதியதில்லை.

முழுப் புத்தகத்தையும் அந்த அம்மா படிக்கக்கூடுமே என்று அவருக்கு ஒரு கணம் தோன்றத்தான் தோன்றியது. ஒரு வாய்க்கு ஓர் அத்தியாயமாகக் கதை கேட்டவர் ஒரு வரியோடு நிறுத்துவாரா? ஆனால் எல்லாரும் ஒரு வரிதான் என்றார்கள். எல்லாரும் சொல்வதை நம்புவது அன்றைக்கு அவருக்கு வசதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அண்ணி வந்தார். அந்த ஒற்றைப் பிரதியை முதலாளியே உள் அறையில் பூட்டி வைத்திருந்து எடுத்துக் கொடுத்தார். அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரித்தார்.

"கேப்டன் கருக்கல் ஜன்னலைச் சாத்தினார்" என்று மெதுவாகப் படித்தார். "நல்லது."

நான்காமவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணி புத்தகத்தைப் பைக்குள் வைத்து, அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த ஒரு தட்டு அவருக்கு வலித்தது. உடனே மூட்டைகள் ஏறின. திங்கட்கிழமைக்குள் ஊரெங்கும் மேஜர் என்றே பேச்சு. கடைக்காரர்கள் இன்னும் இன்னும் என்று கேட்டார்கள். "அடுத்த அட்டையில உங்க பேர் தம்பி, இந்தாங்க என் கை" என்று முதலாளி கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் சந்தோஷமாகச் சிரித்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, நல்ல சேதி சொல்றவர் முகம் இப்படியா இருக்கும்?"

அவர் நடந்ததைச் சொன்னார். அவள் அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. "போய்ச் சொல்லிடுங்க, வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி" என்றாள். "போறேன்" என்றார். நாளைக்கு, நாளைக்கு என்று போகாமலே இருந்தார்.

கடைசியில் அண்ணிதான் வந்தார். பதிப்பகத்தின் முன் அறையில், வழக்கமான அதே நாற்காலியில் உட்கார்ந்தார். முதலாளி ஏதோ அவசர வேலை என்று பின் வாசல் வழியாக நழுவினார். அண்ணி பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நடுவில் விரலை வைத்துப் பிரித்தார். நடுவில்கூட இல்லை, தொடக்கத்திலேயே.

"தம்பி, நான் எப்பவும் அவசரப்பட்டுப் படிக்க மாட்டேன். ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான். அடுத்த புத்தகம் வர்ற வரைக்கும் தாங்கணும் இல்லையா? அதனால நேத்துதான் இந்த இடத்துக்கு வந்தேன்."

இடது பக்கம் பதினாறு. அதில் கேப்டன் கருக்கல் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். வலது பக்கம் பதினேழு. அதில் மேஜர் கருக்கல் கதவைத் திறந்தார்.

"இந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவுல என்ன ஆச்சு?" என்று கேட்டார் அண்ணி. "படியேறும்போது நல்லாத்தானே இருந்தார்?"

"அச்சுப் பிழைம்மா" என்றார் நான்காமவர்.

"சரி. எந்தப் பக்கம் பிழை? இதுவா, அதுவா?"

எதைச் சொன்னாலும் பொய்யாகவே வரும் என்று அவருக்குத் தெரிந்தது.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு இதே புத்தகம் வச்சிருக்கா. வாங்கிப் பாத்தேன். அதுல முதல் வரியிலேயே மேஜர். தோள்ல பட்டை தைக்கிறார். என்னோடதுல பொத்தான் தைக்கிறார்." அண்ணியின் குரல் உயரவில்லை. "எனக்குன்னு பதினாறு பக்கம் தனியா அடிச்சிருக்கே."

"உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்..."

"என் கொழுந்தனும் அதுக்குத்தான் பொய் சொன்னான். ஆனா வாழ்நாள் பூரா உக்காந்து சொன்னான். செத்துப் போற வருஷம்கூட, கை நடுங்க நடுங்க ஒண்ணு எழுதிக் கொடுத்துட்டுத்தான் போனான். நீ பதினாறு பக்கத்துலயே களைச்சுப் போயிட்டே."

நான்காமவர் அழுதார். அண்ணி அழவில்லை, அவர் அழுது முடிக்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். பிறகு புத்தகத்தைப் பைக்குள் வைத்தார்.

"கூட ஒரு ஆள் அவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னா நிக்கலாம். நான் ஒருத்தியாவே எத்தனை நாள் பிடிச்சிருக்கறது? கையே விட்டுப் போச்சுப்பா. எழுந்திரு. அந்த ஆபீசுக்கு எனக்குத் தனியாப் போகத் தெரியாது."

ராணுவ ஆவண அலுவலகம் நீளமான கூடம். மேசைக்கு மேசை கோப்புகள், ஜன்னலோரம் ஆறிப்போன டீ டம்ளர் ஒன்று. சாதுவான அந்த அதிகாரி அண்ணியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். வருஷக்கணக்காகத் தான் யார் வீட்டுப் படியேறினாரோ அவர், இன்று தன்னைத் தேடி வந்திருக்கிறார். அவர் மேசை இழுப்பறை பாதி திறந்திருந்தது. உள்ளே புதுக் கருக்கல், பாதி படித்த அடையாளத்தோடு இருந்தது. அவர் அதை அவசரமாக மூடினார்.

"கையெழுத்துப் போடறேன்" என்றார் அண்ணி.

அதிகாரி படிவத்தை எடுத்து, தானே நிரப்பத் தொடங்கினார். பெயர், படைப்பிரிவு, எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஓரிடத்தில் பேனா நின்றது.

"இறந்த தேதிம்மா. தெரியாத பட்சத்துல காணாமப் போன தேதியையே போட்டுக்கறது வழக்கம்."

"அன்னிக்கு அவர் சாகலை" என்றார் அண்ணி. நான்காமவர் பக்கம் திரும்பினார். "எனக்குப் புத்தகம் கொடுத்தது என்னிக்கு?"

"அம்மா, வேண்டாம்மா."

"கேட்டதுக்குச் சொல்லு."

"வெள்ளிக்கிழமை."

"அதைப் போடுங்க சார்."

"அப்படியெல்லாம் போட முடியாதும்மா, மேல கேள்வி கேப்பாங்க" என்றார் அதிகாரி.

"அப்ப நான் வீட்டுக்குப் போறேன். அடுத்த வருஷம் வாங்க."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இழுப்பறையைப் பார்த்தார். அவருக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும், முகம் வெளுத்தது. குனிந்து அந்த வெள்ளிக்கிழமையின் தேதியை எழுதினார். கேப்டனாகப் போன மனிதர் முப்பத்தைந்து வருஷம் எங்கோ உயிரோடு இருந்துவிட்டு, போன வெள்ளிக்கிழமை, பதினாறாம் பக்கத்து மாடிப்படியில் ஏதோ ஒரு படியில் மேஜரானார்.

அண்ணி கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடவில்லை.

"சாட்சி ஒருத்தர் வேணும்மா. இறந்தவரை அறிஞ்சவரா இருக்கணும். உறவுக்காரங்க யாராவது..."

"உறவெல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு. இவன் போடுவான்" என்று பேனாவை நான்காமவர் கையில் கொடுத்தார் அண்ணி. "அவர் கடைசியா எங்க நின்னார், என்ன பண்ணிட்டிருந்தார்னு இவனுக்குத்தான் தெரியும்."

நான்காமவர் பேனாவை வாங்கினார். படிவத்தின் மேல்வரியில் மேஜர் என்றும், பக்கத்தில் அந்த மனிதரின் முழுப் பெயரும், அடைப்புக்குள் கருக்கல் என்றும் இருந்தது. கீழே சாட்சியின் பெயருக்குக் கோடு போட்டிருந்தது. அவர் எழுத்துகளைப் பிரித்துப் பிரித்து, பெரிதாக எழுதினார். தன் சொந்தப் பெயரை, முழுசாக, கருக்கலின் பெயர் இருக்கும் அதே பக்கத்தில் அவர் எழுதியது அதுதான் முதல் தடவை.

அதிகாரி மை காயும்வரை காத்திருந்து முத்திரை குத்தினார். அண்ணி எழுந்து பையை மாட்டிக்கொண்டார்.

"வீட்ல சட்டையெல்லாம் மடிச்சு வச்சிருக்கேன்" என்றார். "யாருக்காவது கொடுக்கணும். உன் அளவுக்குச் சரியா இருக்குமா, பாரு."